கல்லூரிச் செலவு மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கலந்தாய்வு தொடங்கிவிட்டால் தங்கள் நாளிதழில் அன்றாடம் செய்தி வருகிறது. எத்தனை இடங்கள் நிரம்பின, எந்தப் பாடப்பிரிவுக்கு மவுசு கூடியது, கட்-ஆஃப் எவ்வளவு ஏறியது என்று விவரமாகப் போடுகிறீர்கள். ஆனால் ஒரு கல்லூரியில் சேர்ந்து நான்கு ஆண்டும் படித்து வெளியே வர ஒரு குடும்பத்துக்கு மொத்தம் எத்தனை ரூபாய் ஆகும் என்ற கணக்கை நான் எந்தச் செய்தியிலும் பார்த்ததில்லை. நான் திறந்து பார்த்த கல்லூரி இணையதளங்கள் பலவற்றிலும் அது இல்லை. அந்தக் கணக்கு முன்கூட்டியே வெளியே வர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். விசைத்தறியும் பீடியும் பூவும்தான் இங்கே பிழைப்பு. பிளஸ் 2 முடிவு வந்ததிலிருந்து ஆவணி பிறக்கும் வரை என் மையத்தில் உட்கார இடம் இருக்காது. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று, இருப்பிடச் சான்று என்று ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று அது படியேறிப் போய்த் திரும்ப வேண்டும். நடுவில் ஆதாரில் ஒரு பெயர், மதிப்பெண் பட்டியலில் வேறு எழுத்து என்று இருந்தால் அந்த வாரம் முழுக்க அதற்கே போய்விடும். இதிலெல்லாம் நான் உதவி செய்ய முடியும். ஆனால் சான்றுகள் கைக்கு வந்ததும் பெற்றோர் ஒரு கேள்வி கேட்பார்கள். “எல்லாம் சேர்த்து எவ்வளவு தாயி ஆகும்?” அதற்குப் பதில் சொல்ல என்னிடம் எந்தத் தாளும் இல்லை.

அரசு நிர்ணயித்த கட்டணம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2003இல் சொன்னதன்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கட்டண நிர்ணயக் குழுக்கள் ஏற்பட்டன. தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 2017இல் அந்தக் குழு கட்டணம் நிர்ணயித்தது. அரசு ஒதுக்கீட்டில் சேருபவருக்கு, தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் ஆண்டுக்கு 55,000 ரூபாய், இல்லையென்றால் 50,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 87,000, 85,000. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், கலந்தாய்வு வழியாகச் சேரும் பிள்ளைக்கு 2010ஆம் ஆண்டு முதல் அரசு கட்டணச் சலுகை தருகிறது. சுயநிதிக் கல்லூரியில் அது 25,000 ரூபாய். ஆக, 55,000இல் 25,000 கழிந்து 30,000 என்றுதான் எந்தத் தகப்பனாரும் மனதில் கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்.

2024 கலந்தாய்வில் அப்படிக் கிளம்பிய ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விசைத்தறித் தொழிலாளி. மனைவி பீடி சுற்றுகிறார். மூத்த பெண்ணுக்கு நல்ல மதிப்பெண். பக்கத்து மாவட்டத்தில் ஒரு கல்லூரியில், அவள் ஆசைப்பட்ட பாடப்பிரிவிலேயே இடம் ஒதுக்கீடானது. ஒதுக்கீட்டு ஆணையை என் மையத்தில்தான் அச்செடுத்தார்கள். கல்லூரிக்குப் போய்த் திரும்பியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து என் மேசையில் வைத்தார். கல்விக் கட்டணம் 55,000. வேலைவாய்ப்புப் பயிற்சி 15,000. கல்லூரிப் பேருந்து 28,000. சீருடை, புத்தகம், ஆய்வகக் கோட்டு 9,000. மாணவர் நல நிதி 6,000. தேர்வுக் கட்டணம் 5,000. கூட்டினால் 1,18,000. முதல் பட்டதாரி சலுகை என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, “இப்போது முழுவதும் கட்டுங்கள், அரசிடமிருந்து வந்ததும் திருப்பித் தருகிறோம்” என்று சொல்லியிருக்கிறார்கள். ஊர் வழியாகப் போகும் அரசு பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன் என்று பிள்ளை கேட்டுப் பார்த்திருக்கிறாள். முதலாண்டு மாணவர்களுக்குக் கல்லூரிப் பேருந்து கட்டாயம் என்று பதில் வந்திருக்கிறது. குறித்த தேதிக்குள் பணம் கட்டிச் சேராவிட்டால் இடம் போய்விடும்.

சீட்டில் கல்லூரியின் முத்திரை இல்லை, கையெழுத்தும் இல்லை. வெறும் கணினி அச்சு.

கல்விக் கடன் வாங்கலாம் என்று அவரை வங்கிக்கு அனுப்பினேன். மேலாளர் நல்லவர், விரட்டவில்லை. நான்கு லட்சம் வரை சொத்துப் பிணை வேண்டாம், சொந்தப் பங்காக எதுவும் போட வேண்டாம், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை கட்டினால் போதும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். வேண்டியது ஒன்றுதான்: நான்கு ஆண்டுக்கும் ஆகும் கட்டணத்தை எழுதி, கல்லூரி முத்திரையிட்டுத் தரும் கடிதம். கல்லூரியில் கேட்டால், முதலாண்டுப் பணத்தைக் கட்டிச் சேர்ந்த பிறகுதான் தருவோம் என்றார்கள். பணம் கட்டுவதற்காகத்தான் கடன் கேட்கிறோம் என்று அவர் சொன்னது அங்கே யார் காதிலும் விழவில்லை.

எப்படியோ கட்டிச் சேர்த்தார். பிறகு கடிதமும் வந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. முத்திரையிட்ட அந்தக் கடிதத்தில் கல்விக் கட்டணம் 55,000, தேர்வுக் கட்டணம் 5,000, ஆண்டுக்கு ஆக மொத்தம் 60,000 என்று மட்டும்தான் இருந்தது. பயிற்சி, நல நிதி, பேருந்து, சீருடை எதுவும் இல்லை. அதே கல்லூரி, அதே மாணவி, அதே ஆண்டு. பெற்றோரிடம் கேட்ட தொகை 1,18,000. வங்கிக்கு எழுதிக் கொடுத்த தொகை 60,000. நடுவில் இருக்கும் 58,000 ரூபாய்க்கு எந்த வங்கியும் கடன் தராது. கல்லூரியே எழுதித் தராத செலவுக்கு நான் எப்படிப் பணம் கொடுப்பது என்று மேலாளர் கேட்டால், அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த 58,000 எங்கிருந்து வந்தது என்பதைத் தங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மனைவியின் கம்மலும் இரண்டு வளையலும் அடகுக்குப் போயின. மீதிக்குத் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். விசைத்தறி ஊர்க்காரர்களுக்கு முன்பணம் என்றால் என்னவென்று தெரியும். வாங்கிய கடன் அடையும் வரை அந்தப் பட்டறையை விட்டு நகர முடியாது. பக்கத்துப் பட்டறையில் மீட்டருக்குக் கூலி கூடக் கிடைத்தாலும் போக முடியாது. தறி ஓடாத வாரத்தில் கையில் ஒன்றும் இருக்காது, கடன் மட்டும் அப்படியே நிற்கும். மகள் பொறியியல் படிக்கப் போனாள், தகப்பனார் கூலிக்குக் கட்டுப்பட்டுப் போனார். அடுத்த ஆண்டும் இதே மாதத்தில் இதே மாதிரிச் சீட்டு வரும் என்பதால் முதலாண்டு முன்பணம் அடைவதற்குள் இரண்டாவது முன்பணம் ஏறிவிடுகிறது.

கல்விக் கடன் என்ற ஏற்பாடே இந்த மாதிரிக் குடும்பங்களை நகை அடகிலிருந்தும் கந்துவட்டியிலிருந்தும் காப்பாற்றத்தானே? செலவில் ஏறக்குறையப் பாதியைக் கல்லூரி ஏட்டில் காட்டாமல் வாங்கிக்கொண்டால், கடன் திட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அந்தப் பாதிக்கு அது எட்டாது. படிப்புக் காலத்து வட்டியை ஒன்றிய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்து, தர அங்கீகாரம் பெற்ற தொழிற்படிப்பாகவும் இருந்தால் கிடைக்கும். அருமையான உதவி. ஆனால் அது கல்விக் கடனுக்கு மட்டும்தான். கம்மலை வைத்து வாங்கிய கடனுக்கு யாரும் வட்டி கட்ட மாட்டார்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வேறு எந்த மாநிலத்தைப் பற்றியும் எனக்குப் பேசத் தெரியாது. என் மேசைக்கு வருவதை வைத்துச் சொல்கிறேன், தமிழ்நாட்டில் உதவித் திட்டங்கள் நிறைய இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் தொழிற்படிப்புக்குப் போனால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் 2021 முதல் அரசே கட்டுகிறது. அந்த ஒதுக்கீட்டில் போன பிள்ளைகளின் பெற்றோர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் பிள்ளைகளின் கணக்குக்கே நேராகப் போகிறது. அந்த ஆயிரம் ரூபாயை நம்பித்தான் பஸ் செலவும் நோட்டுச் செலவும் ஓடுகிற வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு வரப்பு இருக்கிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள்தான் என் மையத்துக்கு அதிகம் வருகிறார்கள். ஒரே தெரு, ஒரே தறிக்கூலி. ஒரு பெண் அரசுப் பள்ளியில் படித்ததால் அவளுக்குக் கட்டணமே இல்லை. எதிர் வீட்டுப் பெண், வீட்டுக்குப் பக்கம் என்று உதவிபெறும் பள்ளியில் சேர்ந்தவள், 7.5 விழுக்காட்டில் அவளுக்கு இடமில்லை. கல்வி உதவித்தொகைக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். கணவனும் மனைவியும் சேர்ந்து வாரம் ஐயாயிரம் சம்பாதித்தால் ஆண்டுக்கு 2,60,000 ஆகிவிடும். பத்தாயிரம் ரூபாய் கூடிப்போனதால் உதவித்தொகை முழுவதும் இல்லை. முதல் பட்டதாரி சலுகை வீட்டில் ஒருவருக்குத்தான். அண்ணன் அதைப் பயன்படுத்திவிட்டால் தங்கைக்குக் கிடையாது. பிறகு தங்கையைக் கலைக் கல்லூரி போதும் என்று வீட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். அரசுக் கலைக் கல்லூரி நல்ல இடம்தான், நானும் அங்கே படித்தவள்தான். ஆனால் அது அவளே விரும்பிப் போகும் இடமாக இருக்க வேண்டும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012இல் அரசாணை 92 வந்தது. அதை நம்பித்தான் எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் பொறியியலுக்குப் போனார்கள். பிறகு மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையில் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கீடு வந்தது. ஒன்றிய அரசின் பங்கு மாணவர் கணக்குக்கே நேராக வருகிறது. வருவது நல்லதுதான். ஆனால் அது வரும் மாதமும் கல்லூரி பணம் கேட்கும் மாதமும் ஒன்றாக இருப்பதில்லை. “பணம் வந்ததா என்று பாருங்கள் அக்கா” என்று ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் நீட்டிக்கொண்டு அந்தப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். தேர்வு நுழைவுச் சீட்டைத் தரமாட்டோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம்.

கல்லூரிகளின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2017இல் போட்ட கட்டணத்தை வைத்துக்கொண்டு பேராசிரியருக்குச் சம்பளம், ஆய்வகம், மின்கட்டணம் எல்லாம் சமாளிக்க முடியவில்லை என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கலாம். அப்படியென்றால் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டண நிர்ணயக் குழுவிடம் போகட்டும். குழு உயர்த்தித் தரட்டும். உயர்ந்த கட்டணம் கண்ணுக்குத் தெரியும், வங்கிக் கடிதத்தில் ஏறும், கடன் கிடைக்கும். சலுகையையும் அதற்கேற்ப உயர்த்தக் கேட்கலாம். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992இலேயே சட்டம் வந்தது. அதற்குப் பயந்துதானோ என்னவோ, கூடுதல் பணத்துக்குப் பயிற்சி என்றும் நல நிதி என்றும் பெயர் வைக்கிறார்கள். பொறியியல் படிக்க வந்த பிள்ளைக்கு வேலைவாய்ப்புப் பயிற்சியை முதலாண்டிலேயே, அதுவும் கட்டாயமாக, 15,000 ரூபாய்க்கு விற்பதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் பதியும்போது கல்லூரிக் குறியீடும் பாடப்பிரிவும் திரையில் வருகின்றன. அவற்றின் பக்கத்திலேயே அந்தக் கல்லூரியில் அந்தப் பாடப்பிரிவுக்கு நான்கு ஆண்டுக்கும் ஆகும் மொத்தத் தொகை வர வேண்டும். கல்விக் கட்டணம் எவ்வளவு, கட்டாயமான மற்றவை எவ்வளவு, விரும்பினால் மட்டும் கட்டக்கூடியவை எவை என்று பிரித்துக் காட்ட வேண்டும். கலந்தாய்வுக் குழு வெளியிடும் கல்லூரி விவரத் தொகுப்பில் விடுதி வாடகை, மாத உணவுக் கட்டணம், பேருந்துக் கட்டணம் இவற்றுக்கு இப்போதே இடம் இருக்கிறது. நல்ல ஏற்பாடு அது. ஆனால் பட்டியல் பதியும் அவசரத்தில் யாரும் அதைத் தேடிப் போய்ப் பார்ப்பதில்லை. பயிற்சிக் கட்டணம், நல நிதி என்ற தலைப்புகளும் அங்கே இல்லை. அந்தத் தொகுப்பையே விரிவாக்கி, விருப்பப் பட்டியல் திரைக்குக் கொண்டுவந்தால் போதும். கல்லூரி அங்கே எழுதிக் கொடுத்த தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் புகார் செய்ய ஓர் அலுவலரும், அந்தப் புகாருக்கு இத்தனை நாளுக்குள் பதில் என்ற கணக்கும் வேண்டும்.

அந்தத் திரையில் அச்செடுத்த பக்கத்தையே வங்கிகள் கட்டணக் கடிதமாக ஏற்றுக்கொண்டால், சேர்வதற்கு முன்பே கடன் விண்ணப்பம் போட்டுவிடலாம். கல்லூரிக் கடிதத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம். முதல் பட்டதாரி சலுகை உள்ள பிள்ளையிடம் அந்த 25,000 ரூபாயை முன்கூட்டி வாங்கக் கூடாது என்பதையும் ஒதுக்கீட்டு ஆணையிலேயே கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும். அரசு தர வேண்டிய பணத்தை அரசிடம் கேட்டு வாங்க வேண்டியது கல்லூரி. அதைத் தறிக்கூலிக்காரர் ஏன் ஓராண்டுக்குக் கடன் வாங்கி முன்னால் கட்ட வேண்டும்?

2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தைப் பற்றிப் பலர் என்னிடம் ஆவலோடு கேட்கிறார்கள். எட்டு லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு, பத்து லட்சம் வரையிலான கடனில் மூன்று விழுக்காடு வட்டிச் சலுகை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தரவரிசையில் முன்னால் நிற்கும் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். தொடக்கத்தில் 860 என்று சொன்னார்கள், நாடு முழுவதற்கும் சேர்த்து. எங்கள் பிள்ளைகள் போகும் சிற்றூர்க் கல்லூரிகளின் பெயரை அந்தப் பட்டியலில் தேடித் தேடி நான் அலுத்துவிட்டேன்.

இன்னொன்று சிபில் மதிப்பெண், அதாவது வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண். பெற்றோரில் ஒருவர் கல்விக் கடனுக்குக் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். மகளிர் குழுக் கடனில் கொரோனாக் காலத்தில் தவணை தவறிய தாய்மார்கள் இங்கே ஏராளம். அதைக் காட்டி இன்று பிள்ளையின் படிப்புக் கடனைத் தட்டிக் கழிக்கிறார்கள். சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. நம் ஊர் வங்கிக் கிளைகளுக்கும் அப்படி ஒரு தெளிவான சுற்றறிக்கை வர வேண்டும்.

நான் சொன்ன அந்தக் கல்லூரியின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. அந்தப் பிள்ளை இன்னும் அங்கேதான் படிக்கிறாள். தங்கள் செய்தியாளர்கள் விரும்பினால், கலந்தாய்வு நேரத்தில் ஏதாவது நான்கு கல்லூரி வாசலில் நின்று வெளியே வரும் பெற்றோரிடம் கையிலுள்ள சீட்டைக் காட்டச் சொல்லிப் பார்க்கட்டும். தொகையைத் தலைப்பு வாரியாகப் போடுங்கள். கட்-ஆஃப் பட்டியலுக்குப் பக்கத்தில் அந்தப் பட்டியலும் வந்தால், பிள்ளையோடு சேர்ந்து பெற்றோரும் முடிவெடுக்க முடியும்.

அதுவரைக்கும் எங்களால் ஆனதைச் செய்கிறோம். நான்கு ஆண்டுக்கான முழுக் கட்டணத்தையும் தலைப்பு வாரியாகப் பிரித்து, முத்திரையிட்டு எழுத்தில் தரும்படி கல்லூரி முதல்வரைக் கேட்கும் ஒரு பக்கக் கடிதத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயார் செய்து வைத்திருக்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். சென்ற கலந்தாய்வில் அதைக் கொண்டுபோனவர்களில் சிலருக்குப் பயிற்சிக் கட்டணத்தைக் கல்லூரியே விட்டுக்கொடுத்தது. எந்த ஊர்க்காரர் கேட்டாலும் அச்செடுத்துத் தருகிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)
இ-சேவை மையம், சங்கரன்கோவில் வட்டம்,
தென்காசி மாவட்டம்